பஞ்சுப் பையில் போன பெரியவர்

டெல்மர் ஸ்டென்ருட் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தேவையில்லாத பொருள் ஒன்றை வாங்கினார். அது ஓர் ஐநூறு டாலர் நோட்டு. அதை எண்ணூறு டாலர் கொடுத்து வாங்கினார்.

அதுவரை ஸ்டோர்லி ஊரில் அவரைப் பற்றி யாரும் பேசியதில்லை. பேசுவதற்கு அவர் இடம் வைக்கவில்லை. மினசோட்டாவின் மேற்கே, கண்ணுக்கு எட்டியவரை சோளக்காடாகக் கிடக்கும் அந்த ஊரில், ரயில் பாதை ஓரத்துத் தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுவது அவர் வேலை. மீசை முளைத்த வயதில் ஏறி உட்கார்ந்த முக்காலியிலிருந்து தலை நரைத்த பிறகுதான் இறங்கினார். லாரி வரும்போது ஓர் எடை சொல்வார், போகும்போது ஓர் எடை சொல்வார். நடுவில் பேச்சு கிடையாது. விளைச்சல் எப்படி என்று கேட்டால் "மோசமில்ல" என்பார். ஆலங்கட்டி மழையில் பயிரெல்லாம் படுத்துவிட்டதே என்றால் "இதைவிட மோசமாவும் ஆகியிருக்கும்" என்பார். ஆர்லிஸைக் கல்யாணத்துக்குக் கேட்டபோதுகூட, "ஜூன் மாசம் உனக்கு வேற வேலை இருக்கா?" என்றுதான் கேட்டார். அவள் இல்லை என்றாள். கல்யாணம் நடந்துவிட்டது.

ஆர்லிஸும் வாயாடி இல்லை. ஆனால் கண் இருந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் பரிமாறும் வேலை பார்த்தவள். எந்தப் பிள்ளையின் வீட்டில் அப்பாவுக்கு வேலை போய்விட்டது, எந்த வீட்டில் அம்மா கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள் என்பதையெல்லாம் பிள்ளைகள் தட்டு நீட்டும் விதத்திலேயே தெரிந்துகொள்வாள். வெளியே சொல்ல மாட்டாள். தனக்கென்று அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அது நிலவறையில் இருந்தது.

ஸ்டோர்லியில் எல்லா வீட்டுக்கும் நிலவறையில், வீட்டைச் சூடாக்கும் ஓர் உலை உண்டு. கீழே அது மூச்சு விட்டால்தான் மேலே மனிதர்கள் மூச்சு விடலாம். ஸ்டென்ருட் வீட்டு உலைக்கு வயதாகிவிட்டது. இருமும், புகை கக்கும், நினைத்தால் நிற்கும். ஆர்லிஸின் விரல் மூட்டுகள் நவம்பரில் வீங்கினால் ஏப்ரலில்தான் வடியும். ஒரு குளிர்காலமாவது கோட்டுப் போடாமல் தன் சமையலறையில் நின்று சமைக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அதற்காகக் காபி டப்பாவில் சிறுகச் சிறுகச் சேர்த்தாள். எண்ணூறு டாலர் சேர்ந்தது. செப்டம்பரில் ஒரு காலை டப்பாவைக் கையில் கொடுத்து, புது உலைக்குச் சொல்லிவிட்டு வரும்படியும், மீதியைத் தவணையில் தருவதாகப் பேசும்படியும் டெல்மரை அனுப்பினாள்.

உலை விற்பவர் லேலண்ட் குவாம். ஊருக்கு ஒரே உலைக் கடை. ஊருக்கு ஒரே வாயும் அவர்தான். கடையில் அவர் உட்காரும் இடத்துக்குப் பின்னால் சுவரில் கண்ணாடி போட்டு ஓர் ஆயிரம் டாலர் நோட்டை மாட்டியிருந்தார். டெல்மர் டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு அதைப் பார்த்தார். பார்த்தது தப்பு.

"படம் இல்ல டெல்மர், நிஜ நோட்டு," என்றார் லேலண்ட். "அரசாங்கம் இந்தப் பெரிய நோட்டையெல்லாம் அச்சடிக்கறதை விட்டாச்சு. பாங்க்ல குடுத்தா ஆயிரம்தான். சேக்கறவன்கிட்ட குடுத்தா ஆயிரத்து ஐநூறு. வருஷா வருஷம் ஏறும். நான் விக்கிற உலை இருக்கே, வாங்கின அன்னிக்கே துருப்பிடிக்க ஆரம்பிக்கும்."

உலை விற்க உட்கார்ந்தவர் தன் வாயாலேயே தன் வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டார். டெல்மர் டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அந்த வாரக் கடைசியில் செயின்ட் கிளவுட் நகரத்தில் நாணயக் கண்காட்சி நடந்தது. ஆயிரத்துக்கு அவர் கையில் இருந்தது எட்டவில்லை. ஐநூறுக்கு எட்டியது.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையைத் துடைக்கச் சொன்னார். வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த நோட்டை வெளியே எடுத்து வைத்தார்.

"எவ்வளவு இது?" என்றாள் ஆர்லிஸ்.

"ஐநூறு."

"மீதி முந்நூறு எங்க?"

"மீதி இல்ல. இது எண்ணூறு."

ஆர்லிஸ் குனிந்து நாலு மூலையையும் பார்த்தாள். நாலு மூலையிலும் ஐநூறு என்றுதான் போட்டிருந்தது. நடுவில் பழைய ஜனாதிபதி ஒருவர், மருந்து கசந்தவர்போல உட்கார்ந்திருந்தார்.

"பத்து வருஷம் போனா இவரு ரெண்டு உலை வாங்கிக் குடுப்பாரு," என்றார் டெல்மர்.

"அதுவரைக்கும்?"

டெல்மர் நியாயமாக யோசித்துப் பார்த்தார். "கோட்டு இருக்கே," என்றார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் மூன்று பேர். ஆர்லிஸ் அந்த நோட்டுக்குப் பெரியவர் என்று பெயர் வைத்தாள். கல்யாணமாகி வந்தபோது மாமியார் இல்லாத வீடு என்று ஊரே அவளைப் பாக்கியசாலி என்றது. அந்தக் குறையைப் பெரியவர் வந்து தீர்த்துவைத்தார். பெரியவருக்குச் சூடு ஆகாது, காகிதம் மொறுமொறுத்துவிடும். ஆவி ஆகாது, சுருங்கிவிடும். வெயில் ஆகாது, வெளுத்துவிடும். கெட்டிலைக் கொதிக்கவைக்கும் முன் டெல்மரிடம் சொல்ல வேண்டும். அவர் பெரியவரைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போய்விடுவார். கிழட்டு உலை ஏதோ ஒரு நாள் மனம் வந்து நன்றாக எரிந்தாலும் அவரே நிலவறைக்கு இறங்கிப்போய்த் தணித்துவைப்பார். குளிர்ச்சி, இருட்டு, வறட்சி, மடங்காமல் படுத்திருக்கும் இடம், இந்த நாலும்தான் பெரிய நோட்டுக்கு வேண்டும் என்று அவர் வரவழைத்த சேகரிப்பாளர் பத்திரிகை சொன்னது. ஆர்லிஸுக்கு அவற்றில் குளிர்ச்சியும் இருட்டும் தாராளமாகக் கிடைத்தன.

பாங்க்கில் வைக்கலாமே என்று அவள் சொல்லிப் பார்த்தாள். டெல்மர் போய் விசாரித்தார். கணக்கில் போட்டால் ஐநூறு வரவு வைப்போம், நோட்டு மேலிடத்துக்குப் போகும், அங்கே அழித்துவிடுவார்கள் என்று அங்கிருந்த பெண் சிரித்த முகமாகச் சொன்னாள். அவர் பெரியவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தார். அதன்பின் பாங்க் இருக்கும் தெரு வழியாகக்கூட அவர் வண்டி போவதில்லை.

தீயணைப்பு நிலையத்து மாடியில் மாதம் ஒருமுறை நாணயச் சங்கம் கூடும். புதிதாக யார் என்ன கொண்டுவந்தாலும் விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்து எல்லோரும் பார்ப்பது அங்கே வழக்கம். டெல்மர் பெரியவரைக் கொண்டுபோனார். லேலண்ட்தான் வாங்கித் தூக்கிப் பிடித்தார். நோட்டின் நடுவே, ஜனாதிபதியின் மூக்குக்கு அருகில், ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தது. எந்தக் காலத்திலோ எந்த பாங்க்கிலோ நோட்டுகளைச் சேர்த்துக் குத்திய குண்டூசி.

"எண்ணூறு குடுத்து ஐநூறு வாங்கின ஆளு நம்ம டெல்மர்," என்றார் லேலண்ட். "அதுலயும் ஓட்டை. பெரிய மனுஷன் மூச்சு விட வேணாமா? என்கிட்ட உலை வாங்கியிருந்தா எண்ணூறுக்குச் சூடாவது கிடைச்சிருக்கும்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. டெல்மர் பெரியவரை உறைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார். ஸ்டோர்லியில் சண்டை என்றால் கத்துவது இல்லை. எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்க வேண்டும், அதுதான் வணக்கம். மறுநாளிலிருந்து லேலண்டின் வண்டி எதிரே வந்தால் டெல்மரின் விரல் எழவில்லை. மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, இரண்டு பேருக்கும் ஜென்மப் பகை என்று.

குளிர் ஏற ஏற டெல்மருக்குத் திருட்டுப் பயமும் ஏறியது. பெரியவரைக் கடிகாரத்தின் பின்னால் வைத்தார். கடிகாரம் நின்றால் ரிப்பேருக்குப் போகுமே என்று எடுத்தார். பைபிளுக்குள் வைத்தார், பழைய காகிதம் நல்ல காகிதத்தைக் கெடுக்கும் என்று பத்திரிகை சொன்னது. மாவு டின், தையல் மெஷின், கட்டில் அடி என்று பெரியவர் வீடு முழுக்கச் சுற்றினார். கடைசியில் வைத்த இடத்தைப் பற்றி டெல்மர் ஆர்லிஸிடம்கூட மூச்சு விடவில்லை. ஆனால் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. எந்தத் திருடனுக்கும் தோன்றாத இடம் என்று மட்டும் சொன்னார். அது உண்மைதான். பெண்களுக்கு மட்டும்தான் அது தோன்றும்.

ஜனவரியில் ஒரு காலை லேலண்ட் குவாம் தன் கடைவாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தவர், மண்வெட்டியை ஊன்றிப் பிடித்தபடி அப்படியே சரிந்துவிட்டார். நெஞ்சுவலி. பேசிக்கொண்டே இருந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாரே என்று ஊர் அங்கலாய்த்தது.

சொல்ல வேண்டியதை அவர் முன்பே சொல்லிவைத்திருந்தார். ஆயிரம் டாலர் நோட்டைக் கோட்டுப் பையில் வைத்துத்தான் தன்னைப் புதைக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. உலகத்தில் ஒரு நோட்டு குறைந்தால் மற்ற நோட்டுகளின் விலை ஏறும், செத்தாவது சங்கத்துக்கு லாபம் பண்ணிவிட்டுப் போகிறேன் என்று சிரிப்பாராம். அவர் மனைவி அயோலா அதை அப்படியே செய்தாள். சவப்பெட்டிக் கடைக்காரர் சில்வனும் சங்கத்து ஆள்தான். கோட்டுப் பையில் நோட்டைச் செருகும்போது அவர் கை நடுங்கியதாகவும், அது துக்கத்தால் இல்லை என்றும் பேசிக்கொண்டார்கள். சர்ச்சில் பாட்டு நடந்துகொண்டிருந்தபோது டெல்மரின் உதடு மட்டும் தனியாக அசைவதை ஆர்லிஸ் கவனித்தாள். "ஆயிரத்து ஐநூறு," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று புதைக்கவில்லை. ஸ்டோர்லியில் ஜனவரி மண்ணைக் கடப்பாரையாலும் பிளக்க முடியாது. குளிர்காலத்தில் செத்தவர்கள் கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் இருக்கும் கல் அறையில் பெட்டியோடு காத்திருப்பார்கள். வசந்தத்தில் மண் இளகிய பிறகுதான் குழி.

சாவுச் சாப்பாடு சர்ச்சின் நிலவறையில். ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் ஒரு தட்டு கொண்டுவருவாள். ஆர்லிஸ் கொத்துக்கறியும் உருளைக்கிழங்கும் காளான் சூப்பும் சேர்த்து ஓவனில் சுட்ட ஹாட்டிஷ் கொண்டுபோனாள். சூடு ஆறாமல் தூக்கிப்போகப் பஞ்சு வைத்துத் தைத்த பை ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். அவளிடம் இரண்டு இருந்தன. நல்ல பை வேறொரு வீட்டில் மாட்டிக்கொண்டிருந்ததால், கைப்பிடி அறுந்து பரணில் கிடந்த பழைய பையை எடுத்துத் தைத்துக்கொண்டாள். அடியில் தட்டு சாயாமல் இருக்க அட்டை வைத்த பை. சாப்பாடு முடிந்ததும், மிஞ்சியதை அப்படியப்படியே பைகளோடு அயோலாவின் வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த டெல்மர், சாவு வீட்டுக் களைப்பில் பெரியவரை ஒருமுறை பார்த்து ஆறுதல் அடையலாம் என்று பரணுக்கு ஏறினார். வெகுநேரம் இறங்கவில்லை. இறங்கியபோது முகம் மாவாக வெளுத்திருந்தது.

"மேல ஒரு பழைய பை இருந்ததே?"

"தச்சு எடுத்துட்டுப் போனேன். லேலண்ட் சாவுக்கு."

டெல்மர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். "அதுல என்ன வெச்சே?"

"ஹாட்டிஷ்."

"சூடாவா?"

அப்போதுதான் ஆர்லிஸுக்கு விளங்கியது. பையின் அடியில், இரண்டு அட்டைக்கு நடுவே, பெரியவர் மடங்காமல், இருட்டில், வறட்சியில். நாலில் மூன்றைச் சரியாகத்தான் பார்த்திருந்தார்.

போய்க் கேட்டு வாங்கிவா என்றார் டெல்மர். வேறு ஊராக இருந்தால் அது ஐந்து நிமிட வேலை. ஸ்டோர்லியில் ஒரு வீட்டுக்குப் போன தட்டைத் திருப்பிக் கேட்பது என்பது அந்த வீட்டுக்காரியைத் திருடி என்று சொல்வதற்குச் சமம். தட்டு தானாகத் திரும்பி வர வேண்டும். வெறுமனேயும் வராது, உள்ளே ஏதாவது பதிலுக்கு வைத்துத்தான் வரும். சாவு வீட்டுத் தட்டென்றால் மாதக்கணக்கில்கூடக் காத்திருப்பார்கள். ஆனாலும் ஆர்லிஸ் இரண்டு நாள் கழித்து, துக்கம் கேட்கப் போவதுபோல ஒரு கேக்கோடு அயோலா வீட்டுக்குப் போனாள்.

உலைக் கடைக்காரர் வீடு. கதவைத் திறந்ததும் ஜூலை மாதம் முகத்தில் அடித்தது. அயோலா அரைக்கைச் சட்டையோடு இருந்தாள். ஆர்லிஸ் கோட்டைக் கழற்றிவிட்டு, அந்தச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்த கணத்தில் தன் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்வதை உணர்ந்தாள். எதற்கு வந்தோம் என்பதே ஒரு நிமிடம் மறந்துபோயிற்று.

காபி குடிக்கிறாயா என்று அயோலா கேட்டாள். வேண்டாம் என்றாள் ஆர்லிஸ். கொஞ்சமாக என்றாள் அயோலா. உனக்கு எதற்குச் சிரமம் என்றாள் ஆர்லிஸ். மூன்றாவது முறை கேட்டால்தான் சரி என்று சொல்லலாம். அந்த மூன்றாவது முறைக்குள் பையைப் பற்றி எப்படித் தொடங்குவது என்று அவள் வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள். அயோலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம் ஆர்லிஸ். பையைத் துவைக்கலாம்னு அட்டையை உருவினேன். பாத்துட்டேன்."

ஆர்லிஸ் நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

"செத்தவங்க பேர்ல பணம் குடுக்கறவங்க எல்லாரும் கவர்ல பேர் எழுதி, நாலு பேர் பாக்கறாப்பல சர்ச் உண்டியல்ல போட்டாங்க. உன் புருஷன் யாருக்கும் தெரியாம தட்டுக்கு அடியில வெச்சிருக்கார். அதுவும் அந்த நோட்டு. டெல்மருக்கு அது உசிருன்னு லேலண்ட் சொல்வார். கிண்டல் பண்ணினது அவருக்கே மனசுல உறுத்திட்டுத்தான் இருந்தது. யாரு யாருகிட்ட மன்னிப்பு கேக்கணுமோ, அது மாறிப்போச்சு."

"அது..." என்றாள் ஆர்லிஸ்.

"நான் வெச்சுக்கல. எனக்கு அந்தக் காகிதமே வேணாம். சில்வனைக் கூப்பிட்டு, கல் அறையைத் திறந்து, லேலண்ட் கோட்டுப் பையில அந்த ஆயிரத்தோட சேர்த்து வெச்சுட்டேன். இப்ப ரெண்டும் ஒண்ணா இருக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஒரு வாய் காபியாவது குடியேன்."

மூன்றாவது முறை. ஆர்லிஸ் சரி என்றாள். அதற்குப்பின் வாயில் காபி இருந்தது.

வீட்டில் டெல்மர் வாசலிலேயே நின்றார். நடந்ததை அவள் சொல்லச் சொல்ல அவர் தொப்பியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். கடைசியில், முதலீட்டாளர் என்ற முறையில் அவருக்கு ஒன்று தோன்றியது. "ஐநூறு நோட்டு உலகத்துல ஒண்ணு குறைஞ்சுது. மத்ததுக்கெல்லாம் விலை ஏறும்," என்றார்.

"நம்மகிட்ட மத்தது இல்லையே," என்றாள் ஆர்லிஸ்.

மண் இளகுவதற்குள் கேட்டுவிட வேண்டும். அது மட்டும் தெளிவாக இருந்தது. புதைத்த பிறகு தோண்டச் சொல்ல ஸ்டோர்லியில் எவனாலும் முடியாது. நீயே போய்க் கேள் என்று ஆர்லிஸ் சொல்லிவிட்டாள். டெல்மர் கிளம்பினார். அயோலா வீட்டு வாசலில் முழங்கால் அளவு பனி கிடந்தது. கதவைத் தட்டுமுன் வழி வேண்டுமே என்று ஓரமாக இருந்த மண்வெட்டியை எடுத்தார். அள்ளி முடித்தபோது சொல்ல வந்த வாக்கியம் மறந்துபோயிருந்தது. அயோலா கதவைத் திறந்து காபி என்றாள். வேண்டாம் என்றார். கொஞ்சமாக என்றாள். சிரமம் எதற்கு என்றார். துக்கத்தில் இருந்தவளுக்கு மூன்றாவது முறை கேட்க மறந்துவிட்டது. காபியும் இல்லாமல் நோட்டும் இல்லாமல் திரும்பி வந்தார்.

அதன்பின் ஒவ்வொரு பனிக்கும் இதே கதை. கேட்கப் போவார், அள்ளிவிட்டு வருவார். அந்த வருஷம் பனிக்குக் குறைவில்லை. பனி பெய்யாத நாளில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்க் கல் அறையின் கதவில் காதை வைத்து நிற்பார். ஒரு வெப்பமானியை வாங்கிக் கதவின் ஆணியில் மாட்டிவைத்தார். குளிர்ச்சி, இருட்டு, வறட்சி, மடங்காமல் படுத்திருக்கும் இடம்: நாலும் சேர்ந்த இடம் அந்தப் பகுதியிலேயே அது ஒன்றுதான் என்பது அவருக்குப் புரிந்தபோது, துக்கத்தோடு ஒரு பொறாமையும் வந்தது. லேலண்டுக்கு எல்லாமே சரியாக அமைந்துவிடும்.

ஊர் வேறு மாதிரி பார்த்தது. பகையாளியின் பிணத்துக்குக் குளிருமா என்று தினம் போய்ப் பார்க்கிற மனிதன், அவன் விதவைக்குப் பனி அள்ளிப் போடுகிற மனிதன். போதகர் பிரசங்கத்தில் பேர் சொல்லாமல் சொன்னார். எல்லோரும் டெல்மர் உட்கார்ந்திருந்த கடைசிக்கு முந்தின பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். நாணயச் சங்கம் அவரைத் தலைவராக்கியது. தலைவரிடம் ஒரு நோட்டும் இல்லை என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. எதிரே வந்த வண்டிகளில் ஒரு விரலுக்குப் பதில் இரண்டு விரல்கள் எழுந்தன.

பிப்ரவரியில் ஸ்டென்ருட் வீட்டு உலை கடைசியாக ஒரு முறை இருமிவிட்டு நின்றுபோயிற்று. ஆர்லிஸ் ஓவன் கதவைத் திறந்துவைத்து, அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து நாளைக் கழித்தாள். பெரியவர் இல்லாத வீட்டில் இனி சூடு ஏற்ற ஒரு தடையும் இல்லை. ஏற்றுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. படுக்கையில் மூன்று போர்வைக்குக் கீழே கிடந்து, இந்தச் சனிக்கிழமை நிச்சயம் கேட்டுவிடுகிறேன் என்பார் டெல்மர். அவள் போர்வையை இன்னும் மேலே இழுத்துக்கொள்வாள்.

இதற்கிடையில் சர்ச்சுப் பெண்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். எல்லாத் தட்டும் எல்லாப் பையும் அயோலா வீட்டிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பிவிட்டன. ஓட்ஸ் இனிப்போ, ஊறுகாய்ப் பாட்டிலோ உள்ளே வைத்து. ஆர்லிஸின் பழைய பை மட்டும் வரவில்லை. இப்படி ஒரு பையை இவ்வளவு நாள் வைத்திருப்பது அயோலாவுக்கு அழகில்லை என்று முணுமுணுத்தார்கள். ஆர்லிஸுக்கு மட்டும் காரணம் தெரிந்தது. ஐநூறு டாலர் வைத்து வந்த பைக்குள் எந்த இனிப்பை வைத்துத் திருப்பி அனுப்புவது? பாவம், அயோலா தூக்கமில்லாமல் யோசித்துக்கொண்டிருப்பாள்.

மார்ச் தொடக்கத்தில் அயோலா முன்னறிவிப்பில்லாமல் வந்தாள். பனி அள்ளியதற்கு நன்றி சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொன்னாள். ஆர்லிஸ் கோட்டோடு காபி ஊற்றினாள். கோப்பையிலிருந்து எழுந்த ஆவியும் அவர்கள் வாயிலிருந்து வந்த ஆவியும் மேசைக்கு மேலே ஒன்றாகக் கலந்தன. அயோலாவின் கண் திறந்திருந்த ஓவன் கதவுக்குப் போனது. நிலவறைப் படிக்குப் போனது. ஆர்லிஸின் விரல் மூட்டுகளில் வந்து நின்றது.

"கொஞ்சம் காத்தாட இருக்கு," என்றாள் அயோலா.

"மோசமில்ல," என்றார் டெல்மர்.

அயோலா காபியைக் குடித்து முடித்துவிட்டுக் கிளம்பினாள்.

அந்தச் சனிக்கிழமை டெல்மர் உண்மையாகவே துணிந்துவிட்டார். வெயில் அடித்து, கூரையிலிருந்து சொட்டத் தொடங்கியிருந்தது. இனி நாள் கடத்த முடியாது. காலையிலிருந்து ஆர்லிஸை அயோலாவாக உட்காரவைத்துப் பேசிப் பார்த்தார். "அயோலா, அந்த நோட்டு தவறுதலா வந்துடுச்சு." இதுதான் வாக்கியம். முதல் இரண்டு முறை பாதியில் நின்றது. பிறகு முழுதாக வந்தது. தொப்பியை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார்.

வாசலில் லேலண்டின் கடை வண்டி நின்றது. இரண்டு ஆட்கள் பின்பக்கத்தைத் திறந்து ஒரு புத்தம் புது உலையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதன் தலைமேல் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைத்த பஞ்சுப் பை. பக்கத்தில் அயோலா நின்றாள்.

"கடையில கடைசியா இருந்தது. மூடப் போறேன், இதை யாருக்கு விக்கிறது," என்றாள். பிறகு ஆர்லிஸைப் பார்த்து, "காலிப் பையைத் திருப்பித் தரக்கூடாதில்ல," என்றாள்.

டெல்மர் வாயைத் திறந்தார். காலை முழுதும் பழகிய வாக்கியம் அங்கே தயாராக இருந்தது. "அயோலா," என்றார். "அந்த நோட்டு..."

ஆர்லிஸ் அவருக்கும் அயோலாவுக்கும் நடுவில் வந்து நின்றாள். அவள் வாழ்க்கையில் யார் பேச்சிலும் குறுக்கே வந்ததில்லை.

"இதெல்லாம் எதுக்கு அயோலா, வேணாம்," என்றாள்.

"இருக்கட்டும்," என்றாள் அயோலா.

"ரொம்ப அதிகம்."

"எடுத்துக்கோயேன்."

மூன்றாவது முறைக்கு ஆர்லிஸ் காத்திருக்கவில்லை. "நிலவறைப் படி இந்தப் பக்கம்," என்று ஆட்களுக்கு வழி காட்டினாள். ஊரில் இன்றுவரை அயோலா அதை யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவு நல்லவள்.

மாலையில் வீடு சூடாகிவிட்டது. ஜன்னல் கண்ணாடியில் அப்பியிருந்த பனி உருகி வழிந்தது. டெல்மர் நிலவறைப் படியில் உட்கார்ந்து உலையின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த விலைச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிரத்து இருநூறு என்று இருந்தது.

மேல்படியில் ஆர்லிஸ் வந்து நின்றாள். "செப்டம்பர்ல எண்ணூறு போட்டே. மார்ச்சுல ஆயிரத்து இருநூறு. சங்கத்துல வேற யாருக்காவது இப்படி ஏறியிருக்கா?"

டெல்மர் அதை மனதுக்குள் எடை போட்டார். வரும்போது ஓர் எடை, போகும்போது ஓர் எடை. "வாங்கின அன்னிக்கே துருப்பிடிக்க ஆரம்பிக்கும்," என்றார் கடைசியில். ஆனால் எழுந்து போகவில்லை. முதுகை உலைப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஏப்ரல் கடைசியில் மண் இளகியது. லேலண்டைப் புதைக்கும் நாளில் ஊர் மறுபடி கூடியது. ஆர்லிஸ் ஹாட்டிஷ் செய்து அதே பையில் வைத்திருந்தாள். வண்டியில் ஏறும்போது டெல்மர் பையின் அடியை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். அவள் பார்க்காததுபோல் இருந்தாள்.

கயிற்றில் பெட்டி இறங்கத் தொடங்கியபோது டெல்மர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு குழியின் விளிம்புவரை போனார். அவர் தொப்பியைக் கழற்றி, பெட்டியைப் பார்த்து, பிறகு சில்வனைப் பார்த்துக் கேட்டார்.

"உள்ள ஈரம் இறங்குமா?"

"இறங்காது," என்றார் சில்வன். அந்தக் கோட்டுப் பையில் எது எது இருக்கிறது என்று தெரிந்த மனிதர். அவர் குரலும் கொஞ்சம் கம்மியிருந்தது. "மூடி சுத்தி ரப்பர் பட்டை போட்ட பெட்டி. நூறு வருஷத்துக்கு ஒரு சொட்டு இறங்காது."

"மடங்காம இருக்கா?"

"நானேதான் நீட்டி வெச்சேன்."

டெல்மர் தலையாட்டினார். பின்னால் நின்ற பெண்கள் கைக்குட்டையைத் தேடினார்கள். அயோலா வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசி மண் விழும்வரை விடவில்லை. ஆர்லிஸ் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள். வசந்தக் காற்றில் இன்னும் குளிர் இருந்தது. வீங்காத விரல்களால் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். அந்த மாதம் அவள் அதைப் போட்டது அன்று ஒரு நாள்தான்.